நாலு கதவுகளும் ஒரு திறப்பும்

கார்க் கதவின் உள்பலகை வெளியிலிருந்து கெடுவதில்லை, முதலியார் ஐயா. பலபேர் அப்படி நினைக்கிறார்கள். வெயில் பட்டது, முழங்கை உராய்ந்தது, பிள்ளைகள் காலால் உதைத்தது என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் மேலே ஒட்டியிருக்கும் தோல்சீலைக்கு. பலகை கெடுவது உள்ளிருந்து. கண்ணாடி ஏறி இறங்குகிற வெடிப்பு வழியே மழைத் தண்ணீர் கதவுக்குள் போகும். அது வடிந்து போவதற்கு அடியில் இரண்டு துளை வைத்திருப்பார்கள். எங்கள் கரையில் மணலும் உப்பும் சேர்ந்து அந்தத் துளைகளை ஆறு மாதத்தில் அடைத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே நின்று பலகையைப் பின்பக்கத்தால் ஊற வைக்கும். பார்வைக்குக் கதவு நன்றாகத்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு மாதிரி உள்ளே போகும்.

இதை நீதவான் துரைக்கு இங்கிலீசில் சொல்வது கடினமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் வேலை தெரியாத ஒருவன் ஏதோ தவறாகச் செய்துவிட்டான் என்று யாரும் நினைக்கக்கூடாது.

என் பெயர் நிக்கொலஸ். வயது நாற்பத்தொன்று. ஊர் முந்தல். குஷன் வேலை செய்கிறேன். கார் ஆசனம், கதவுப் பலகை, கூரைச்சீலை, அதோடு சவப்பெட்டிக்கு உள்ளே தைக்கும் வெள்ளைச் சீலையும் என் கைவேலைதான். இரண்டுக்கும் ஒரே ஆணி. என்னை ஒருவரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஊர் அதிகாரி விதானையார் வீட்டுக்கு நானாகத்தான் நடந்து போனேன். உங்கள் மேசையில் இருக்கும் பொருட்கள் என்னிடம் இருந்து எடுத்தவை. நாலு இரும்புக் கம்பி, நாலு குறுக்காணி, ஒரு சோடித் தோடு, ஒரு திறப்பு. திறப்புக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. அது என் வீட்டு அலுமாரிச் சாவி. பொலிஸ்காரர் மடியைச் சோதித்தபோது அதையும் சேர்த்து எடுத்துவிட்டார். எழுதி முடிந்ததும் அதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பஸ்தியான் முதலாளியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். அப்படியே எழுதுங்கள். தென்னங்காணியும் தேங்காய் காய வைக்கிற கொப்பறா வாடியும் வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய நாலு கதவுக் கார் அவருடையது. வாங்கும்போதே அதற்கு வயது போய்விட்டது. முந்தலில் அப்போது வேறு கார் இல்லை என்பதால் அது ஊர்க்கார் ஆகிவிட்டது. கலியாண மாப்பிள்ளைக்கு அது. சுவாமியார் புத்தளம் போவதற்கு அது. பாம்பு கடித்தவனுக்கும், மரத்தால் விழுந்தவனுக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அது. சாமம் என்றாலும் முகம் சுளிக்காமல் எழும்பி வருவார். அந்தக் கதவுகள் அவ்வளவு தேய்ந்ததற்கு அவருடைய இரக்கமும் ஒரு காரணம். ஊரில் உள்ள கை எல்லாம் பட்டால் எந்தக் கதவு தாங்கும்?

போன கார்த்திகை முடிவில், ஒரு திங்கட்கிழமை காலை, காரைக் கொண்டுவந்து என் கொட்டிலில் விட்டார். மார்கழியில் வருகிற நத்தார்ப் பெருநாளுக்கு முன் நாலு கதவுக்கும் புதுப் பலகை போட்டு, புதுச் சீலை ஒட்டித் தரச் சொன்னார். அவசரம் இல்லை, ஆறுதலாகச் செய் என்றும் சொன்னார். போகும்போது என் தோளில் கையை வைத்து, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இரண்டு வருஷமாகக் காணும்போதெல்லாம் அப்படித்தான் கேட்பார்.

இரண்டு வருஷம் என்று சொல்வது என் மனுசி அல்பொன்சா செத்ததிலிருந்து. ஐப்பசி மாதம். முதல் பிள்ளை. பிள்ளை வெளியே வரவில்லை, அவளும் போய்விட்டாள். நான் அன்றைக்குப் புத்தளத்தில் வேலையில் இருந்தேன். அவளை முந்தலிலிருந்து சிலாபம் ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது பஸ்தியான் முதலாளி, இதே காரில். என்னைக் கேட்காமல் ஏற்றினார். பத்துலு ஓயா ஆற்றைத் தாண்டும்போது உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் முதலில் கழற்றியது இடப்பக்கத்துப் பின்கதவு. கைபிடிகளைக் கழற்றிவிட்டுப் பலகையை நெம்பி எடுத்தேன். அந்தப் பலகையில் கடுதாசி வைக்கிற பை ஒன்று தைத்திருக்கும். அதன் அடித்தையல் விட்டுப் போயிருந்தது. அப்படி விட்டுப் போனால் பையில் வைப்பது எல்லாம் கதவின் வயிற்றுக்குள் விழும். முப்பது கார்களிலாவது பார்த்திருக்கிறேன். சில்லறைக்காசு, சுருட்டுத் துண்டு, ஒருமுறை ஒரு பாதிரியாரின் பொய்ப்பல். இந்தக் கதவின் அடியில் ஈரமணலுக்குள் வெள்ளைச்சீலைத் துண்டு ஒன்று கிடந்தது. மடித்துச் சுருட்டிய துண்டு. விரித்தேன். உள்ளே ஒரு சோடித் தோடு.

சிவப்புக் கல் வைத்த தோடு. ஒரு கல்லில் கீறல். அது அல்பொன்சாவின் தோடு என்று அறிந்துகொள்ள எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆகவில்லை. எங்கள் கலியாணத்துக்கு நான் போட்டது. அவளைச் சவப்பெட்டியில் வைத்தபோது காது வெறுமையாக இருந்தது. ஆசுப்பத்திரியில் எடுத்திருப்பார்கள் என்று அப்போது சனம் சொன்னது. நானும் விசாரிக்கவில்லை.

மணலில் குந்தியிருந்து யோசித்தேன். ஒரு பெண் அடுத்தவன் காரில் ஏறித் தன் தோட்டைக் கழற்றி ஒளிப்பாள் என்றால் அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஒருமுறைதான் அந்தக் காரில் ஏறினாளா? நான் கிழமைக்கணக்கில் புத்தளத்திலும் சிலாபத்திலும் வேலைக்குப் போகிறவன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் எங்கள் ஊர் வாய் இந்த விஷயத்தில் மூடியே இருந்தது. அதுகூட எனக்கு ஒரு சாட்சியாகத் தோன்றியது. பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றியும் யோசித்தேன். யோசனை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாம் அந்தப் பக்கமே உருண்டு போகும். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

மற்ற மூன்று கதவுகளையும் அன்றே கழற்றினேன். இனிச் சொல்வதைக் கவனமாக எழுதுங்கள். காரின் உள்ளே கதவைத் திறக்கிற கைபிடி ஒன்று இருக்கிறதல்லவா? அதிலிருந்து ஒரு கம்பி பலகைக்குப் பின்னால் ஓடிப் பூட்டில் கொளுவும். கைபிடியைத் திருப்பினால் கம்பி இழுக்கும், பூட்டு விலகும். நாலு கதவிலும் அந்தக் கம்பியைக் கழற்றினேன். கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைபிடிக்கு ஒரு குறுக்காணி இருக்கும். அது இல்லாவிட்டால் கைபிடி சும்மா சுற்றும். நாலு கண்ணாடியையும் மேலே ஏற்றிவிட்டு, நாலு குறுக்காணியையும் எடுத்தேன். அதற்கு மேல் புதுப் பலகையை வெட்டி, பஞ்சு பரப்பி, கபில நிறச் சீலை ஒட்டி, சுற்றிவர ஆணி அடித்தேன். ஆணிக்கும் ஆணிக்கும் இடையில் சரியாக ஓர் அங்குலம். மூலைகளில் ஒரு சுருக்கம் கிடையாது. வடிகிற துளைகளையும் கம்பி விட்டுக் குத்தித் துப்புரவாக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது.

வெளிக் கைபிடிகளில் நான் கை வைக்கவில்லை. வெளியிலிருந்து யாரும் திறக்கலாம்.

வேலை புதன்கிழமை பின்னேரம் முடிந்தது. வியாழன் காலை வெயில் ஏறுமுன், என் பக்கத்துக் கதவைப் பூட்டாமல் ஒருக்களித்து வைத்து, எனக்குத் தெரிந்த அளவில் காரை மெல்ல ஓட்டி, ஒல்லாந்தர் வாய்க்கால் துறைக்குக் கொண்டுபோனேன். கொப்பறாத் தோணிகள் ஏற்றுகிற இடம். வாய்க்காலை நோக்கி நல்ல சரிவு. கார் கழுவ எல்லோரும் அங்கேதான் போவார்கள். பின்பக்கம் தண்ணீரைப் பார்க்க நிறுத்தி, பின் சில்லுக்குக் கீழே ஒரு கருங்கல்லை வைத்தேன். மழை பெய்து வாய்க்கால் கரை முட்டிக் கிடந்தது. துறைக்கு நேரே ஆள் முங்கும்.

முதலாளியைப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். தோணிக்காரர் சோற்றுக்குப் போகிற நேரம். வந்தார். வெளியே நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். பின் ஆசனத்தில் இருந்து பார்த்தால்தான் வேலை தெரியும் என்று சொன்னேன். ஏறி இருந்தார். கொழுத்த உடம்பு, அறுபது வயது, ஒரு முழங்கால் மடியாது. சீலையைக் கையால் தடவிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன். பலகை ஊறிய கதவு தகரம் போலச் சத்தம் போடும். இது மெத்தென்று மூடியது. நான் அதுவரை செய்த கதவுகளில் அதுதான் நல்ல கதவு.

பிறகு முன்கதவால் கையை விட்டுக் கைப்பிரேக்கைத் தளர்த்தினேன். அந்தக் கதவையும் சாத்திவிட்டுக் கல்லைக் காலால் தட்டினேன்.

கார் அவசரப்படாமல்தான் போனது. பின்பக்கம் முதலில் இறங்கிற்று. தண்ணீர் கூரைக்கு வரச் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டுகிற நேரம் எடுத்திருக்கும். அவர் ஏதோ சொன்னார், நானும் பதில் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தோணிக்காரர் வந்தபோது கல் சறுக்கிவிட்டது என்றேன். நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? இரண்டு சோடி மாடு பூட்டிக் காரை வெளியே இழுத்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று விதானையாரே என்னைத் தேற்றினார். சவப்பெட்டிக்கு உள்சீலை நான்தான் தைத்தேன். வேறு யார் தைப்பது?

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். தோட்டைக் கண்டபிறகு, யாரிடமாவது விசாரித்தாயா என்று. நியாயமான கேள்வி. அன்று துறையில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம், இரண்டு கதவு முடிந்து இரண்டு கதவு மிச்சம் இருக்கும்போது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சி றஹ்மத் உம்மா. முஸ்லிம் சனம் இருக்கிற சோனகத் தெருவில் இருக்கிறா. கோயிலுக்குப் போகிற எங்களைப் போன்ற வேதக்காரர் வீட்டுக்கும் அவதான் வருவா. அல்பொன்சாவுக்கும் அவதான். அந்தக் காரில் அல்பொன்சாவோடு பின் ஆசனத்தில் இருந்து போனதும் அவதான். ஓம், அவளும் முதலாளியும் தனியாகப் போகவில்லை. நான் தனியாக என்று சொன்னேனா? சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள்.

தோட்டை அவ முன்னால் வைத்தேன். உடனே அறிந்துகொண்டா. இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டது.

“நான்தான் மகன் கழட்டினது,” என்றா. “புள்ள வார வழி அடச்சிக் கெடந்தா, தாய்ட மேல ஒரு பூட்டும் ஈக்கப்படாது. கொண்டய அவுத்தன், காப்ப ஊட்டுலயே கழட்டி வச்சன், தோட்டக் காருக்குள்ள கழட்டினன். சுரையத் தொலச்சிடுவன் எண்டு திரும்பப் பூட்டித்தான் வச்சன்.”

சீலையில் ஏன் முடிச்சுப் போடவில்லை என்று கேட்டேன்.

“முடிச்சுப் போட ஏலுமா மகன்? அந்த நேரத்துல ஒரு முடிச்சும் ஆகாதே. சும்மா சுருட்டி அந்தக் கதவுப் பைக்குள்ள வச்சன். பொறகு அவ மவுத்தான கவலையில மறந்தே போச்சி.”

முதலியார் ஐயா, எங்கள் கரையில் வேதக்காரர், சோனகர் எல்லோருக்கும் பொதுவான வழக்கம் இது. பிள்ளைப்பேறு இழுத்தடித்தால் வீட்டில் உள்ள முடிச்சையெல்லாம் அவிழ்ப்பார்கள், பூட்டையெல்லாம் திறப்பார்கள். சாக்குக் கயிறு, பெட்டி, கதவு, அலுமாரி, எல்லாம். அது எனக்குத் தெரியாததில்லை. தோட்டின் பின்னால் திருகுகிற சுரை இரண்டும் ஒழுங்காகப் பூட்டியிருந்ததையும், சீலையில் முடிச்சு இல்லாததையும் திங்கட்கிழமை காலையிலேயே என் கண் கண்டது. ஒளித்து வைக்கிறவள் சுரையைப் பூட்டிக்கொண்டிருக்கமாட்டாள், முடிச்சுத்தான் போடுவாள். கண் கண்டதை மனம் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். றஹ்மத் உம்மா வாய்விட்டுச் சொன்னபிறகு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் எழும்பும்போது அவ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னா. “ஒங்கட அலுமாரி மட்டுந்தான் மகன் பூட்டிக் கெடந்திச்சி.”

வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றினேன். மற்ற இரண்டு கதவுகளிலும் கம்பியைத் திரும்பக் கொளுவியிருக்கலாம். முடிந்த இரண்டையும் கழற்றி மாட்ட அரை நாள் போதும். மறுநாள் காலை எழும்பி, மிச்சம் இரண்டு கதவுக்கும் பலகை அடித்தேன். கம்பி இல்லாமல்தான்.

ஏன் என்கிறீர்கள். துரையும் அதைத்தான் கேட்கிறார் என்று அவர் முகம் சொல்கிறது. இந்தத் திறப்பைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல ஏலாது போலிருக்கிறது.

அந்த ஐப்பசி நாள் காலை ஒன்பது மணிக்கு, என் பக்கத்து வீட்டு வின்சன்ட் பஸ் ஏறிப் புத்தளத்துக்கு வந்தான். கடலுக்குப் போகிறவன், அன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு வந்திருந்தான். நான் ஒரு துரையின் காருக்குக் கதவுச்சீலை ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை ஈரம். அந்த நேரத்தில் விட்டுப் போனால் சீலை கோணிக் காய்ந்துவிடும். அல்பொன்சாவுக்கு விடிய முந்தி நோவு தொடங்கியது, பிள்ளை திரும்பவில்லை, சிலாபத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி றஹ்மத் உம்மா நெருக்குகிறா, பஸ்தியான் முதலாளி காரோடு வாசலில் நிற்கிறார், உன் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றான். பிறகு கையை நீட்டி, “அலுமாரித் திறப்பைத் தாரும் அண்ணை, அதையும் கேக்கினம்,” என்றான்.

அலுமாரிக்குள் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். இரண்டு சீலை, கலியாணக் கடுதாசி, மிச்சத் தோல்துண்டுகள். ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நான் இல்லாத வீட்டில் என் அலுமாரியை நாலு பேர் திறந்து பார்ப்பது எனக்குப் பிடிக்காது. என் மனுசியை நான் இல்லாமல் அடுத்தவன் காரில் ஏற்றுவதும் பிடிக்காது. அது குற்றமா? எந்த ஆண்பிள்ளைக்கும் உள்ள குணம்தானே. “நான் வாறன்,” என்றேன். “நான் வருமட்டும் ஆரும் அவளை எங்கையும் கொண்டுபோக வேண்டாம் எண்டு சொல்லு.” திறப்பு என் மடியில்தான் இருந்தது. வின்சன்ட் வெறுங்கையோடு போனான்.

சீலை காய்ந்தது. ஓரம் வெட்டினேன், ஆணி அடித்தேன், துரை வந்து பார்த்தார். நாலு மணிக்கு முந்தலில் இறங்கினேன். அவர்கள் இரண்டு மணி வரைக்கும் என் சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் முதலாளி, “நிக்கொலசுக்கு நான் மறுமொழி சொல்லுறன், பிள்ளையைத் தூக்குங்கோ,” என்று சொல்லி அவளை ஏற்றிவிட்டார். காலமையே கொண்டு வந்திருந்தால் என்று சிலாபத்தில் ஒரு தாதி சொன்னாவாம். மிச்சத்தை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவளை அதே காரில் திருப்பிக் கொண்டுவந்தார். எனக்கு மறுமொழி சொல்வதாகச் சொன்ன மனிதர் ஒரு மொழியும் சொல்லவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குறை சொல்லியிருக்கலாம். அடித்திருக்கலாம். இரண்டு வருஷம் முழுக்கவும் சொல்லவில்லை, ஐயா. கோயிலில் கண்டால் பக்கத்தில் இடம் விடுவார். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்பார். ஒருவர் எல்லாம் அறிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல், ஞாயிறுக்கு ஞாயிறு உங்களைப் பார்த்துத் தலையாட்டுவது லேசான பாரமில்லை. தோட்டைக் கண்டபோது எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறீர்கள். இல்லை. ஆறுதலாக இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, பிழை அந்த மனிதரிடம் இருக்கக்கூடும் என்று ஒரு வழி திறந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் றஹ்மத் உம்மா அதைச் சாத்தினா. எனக்கு அது மனதுக்கு ஒத்துவரவில்லை.

இனி நான் ஏன் விதானையாரிடம் போனேன் என்பது. அடக்கம் முடிந்து எட்டாம் நாள், முதலாளியின் மனுசி கத்தரினா அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினா. ஏசுவதற்கு அல்ல. கடைசியாக அவரோடு நின்றவன் நான் என்பதால்.

“போற நேரம் ஏதும் சொன்னவரோ தம்பி?” என்று கேட்டா.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவ எனக்குச் சோறு போட்டா. நான் சாப்பிட்டேன். முற்றத்தில் அந்தக் கார் நின்றது. புதுச்சீலை ஊறிப் பலகையை விட்டுக் கழன்று தொங்கியது. பின்கதவில், கண்ணாடிக்குக் கீழே, நகம் பட்ட கோடுகள் இருந்தன. காய்ந்தபிறகு அந்தக் கதவுகளை நீதான் திரும்பச் செய்து தரவேண்டும் என்றா. அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கம்பிகளையும் ஆணிகளையும் எடுத்துக்கொண்டு விதானையார் வீட்டுக்குப் போனேன்.

கத்தரினா அக்காவுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஏனென்றால் சத்தியம் செய்திருக்கிறேன். கார் இறங்கி ஆசனமட்டும் தண்ணீர் வந்தபோது, முதலாளி கைபிடியைத் திருப்பிப் பார்த்தார். மற்றதைச் சுற்றிப் பார்த்தார். பயந்தவராகத் தெரியவில்லை. கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்து, “நிக்கொலஸ், உள்ளுக்கை இருந்து திறபடுதில்லை, நீ வெளியிலை இருந்து திற,” என்றார்.

நான் கரையில், கணுக்கால் தண்ணீரில் நின்றேன். நீந்தத் தெரியும். என் அப்பன் கடலுக்குப் போனவன். காருக்கும் எனக்கும் இடையில் எட்டுப் பாகத் தூரம்கூட இல்லை.

“பொறுங்கோ முதலாளி,” என்றேன். “நான் வாறன்.”

அவர் நம்பினார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி இருந்தார். நகத்தால் கீறியது அதற்குப் பிறகு, வெகுநேரத்துக்குப் பிறகு.

அந்தச் சொல்லைச் சொன்னபோது, கதவைத் திறக்கிற எண்ணம் எனக்கு இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது என்றே எழுதுங்கள். துரைக்கும் அப்படியே சொல்லுங்கள். அந்தத் திறப்பை இப்போது என்னிடம் தாருங்கள். நான் பொய் சொல்கிறவன் இல்லை, ஐயா. இரண்டு முறையும் நான் வருவதாகத்தான் இருந்தேன்.